நிறம் நோயாமோ?

குமரிமுனையினின்றும் வடகிழக்கே ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்துக் கருங்கல்லால் எழுந்து நிற்பது வட்டக்கோட்டை. குளச்சற் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராய் உயர்ந்த ஒல்லாந்தர் டிலனாய், மார்த்தாண்டவர்மர் ஆட்சியில் அதனைத் திருத்திக் கட்டினார் என்பர். காண வருவோர் பலர் முதலில் ஐயுறுவது அதன் பெயரைக் குறித்தே. வட்டக்கோட்டை வட்டமாயில்லை, நீள்சதுரமாய் உளது. கோட்டைக்கு இவ்வாறு பெயர் பொருந்தாமையால் எவர்க்கும் தீங்கு வந்ததில்லை. ஆயின், மக்கள் உடம்பில் இயல்பாய் அமைந்த ஒன்றற்கு நோயென்று பெயரிட்டு, அப்பெயரை நம்பினோர்க்கு மருந்தென்று ஏதேனும் விற்பாருளராயின், அதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. அத்தகைய தீங்கொன்று வட்டக்கோட்டையைச் சூழ்ந்த எம் ஊர்களிலும், அவ்வூர்களினின்று மாணவர் வந்து தங்கும் எம் விடுதிகளிலும் புகுந்திருத்தல் கண்டே இதனை எழுதத் துணிந்தோம்.

ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியைக் கம்பனையோ சிலம்பையோ எதிர்நோக்கிப் புரட்டுவோர், தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு முகப்பருவும் தேமலும் எதற்கு என நகைக்கக் கூடும். நகைக்கட்டும். பிழையான சொல்லே இந்நோயின் முதலாதலின், சொல்லாராய்ச்சி பயில்வோர் இதனைத் தொடுதல் தகாததன்று என்பது எம் எண்ணம். அன்றியும், இதனை வெளிப்படையாய்ப் பேச நாணுவதனாலேயே பலர் மறைவிற் கெடுகின்றனர்.

முதற்கண் எம் நாட்டின் வெயிலை எண்ணுக. குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டுப் பாகையளவில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும் செப்டம்பர்த் தொடக்கத்தில் மற்றொருமுறையும் ஞாயிறு நடுப்பகலில் எம் தலைக்கு நேரே நிற்கும். கடல் நுரையோ தன்மேற்பட்ட புறவூதாக் கதிரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைத் திருப்பி முகத்தில் எறிய வல்லது. இவ்வெயிலில் வள்ளமேறிச் செல்வோரையும், உப்பளத்தில் வாருவோரையும், பனையேறுவோரையும் காத்துவருவது யாது? தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருளே. இதனை ஆக்கும் உயிரணுக்களின் தொகை வெள்ளையர்க்கும் கறுத்தோர்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை ஆக்கும் நிறமணிகளின் பருமையிலும் அளவிலும் பரவலிலுமே வேற்றுமை உளது. அம்மணிகள் உயிரணுவின் கருவின்மேற் குடைபோற் கவிந்து கதிரைத் தடுக்கின்றன. உலகத்தில் வெண்டோலர்க்குத் தோற்புற்று மிகுதியாயும், எம்போன்றார்க்கு மிகக் குறைவாயும் வருதற்கு இக்குடையே பெருங்காரணம். எனினும், "மக்களே, உச்சி வெயிலிலே கடப்புறத்துக்குப் போகாதே, கறுத்துப் போவே" என்று எம்மூர்ப் பாட்டிமார் பேத்தியரைத் தடுப்பர். வெயில் சுடும் என்பதற்காகத் தடுப்பாராயின் அது நல்லறிவு. பேரனை அவ்வாறு தடுப்பதில்லை யாதலின், அச்சம் வெயிலைப் பற்றியதன்று என்பது தெளிவு.

இந்த அச்சம் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்ததென எவரேனும் கூறின் யாம் ஒப்போம். சங்க அகப்பாட்டுகளிற் பயின்றோர் இரண்டு சொற்களை அறிவர்: மாமை, பசலை. மாமை என்பது மாந்தளிரின் வண்ணம் போன்ற மேனி. அது தலைவியின் அழகு. பசலை என்பது பிரிவுத்துயரால் அம்மேனியின்மேற் படரும் வெளிறிய நிறம். அது தலைவியின் நோய். மாமையைப் பசலை உண்டொழிக்கின்றதே என்று வருந்தும் செய்யுட்கள் குறுந்தொகையிலும் பிற தொகைகளிலும் உள. வள்ளுவரும் பசப்புறு பருவரல் என 119-ஆம் அதிகாரத்தை இதற்கென்றே வகுத்தார். ஆகவே, நிறம் வெளிறுதலையே நோயென்று கொண்ட மொழி எம் மொழி. இன்றோ மண விளம்பரங்களில் 'மாநிறம்' என்னுஞ் சொல், சிவப்பில்லாமைக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் அச்சேறுகின்றது. பெண் பார்க்க வந்தோர் 'நல்ல சிவப்பு' என்று சொல்லி மகிழ்வதும், 'கறுப்புத்தான், ஆனால் களை உண்டு' என்று இரங்குவதும் நாடோறும் கேட்பனவே.

அந்த 'ஆனால்' என்னும் சொல்லைச் சற்று நோக்குக. உன்னதப்பாட்டின் தொடக்கத்தில் தலைவி தன் கருமையையும் தன் அழகையும் ஒருங்கே கூறும் இடம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விடத்து, கருமை ஒரு குறையேபோலவும் அதனைக் கடந்து அழகு நிற்பதுபோலவும் பொருள் அமைந்துள்ளது. எபிரேய மூலத்தில் உள்ள இடைச்சொல்லோ 'ஆனால்' என்றும் பொருள்படும், 'உம்' என்றும் பொருள்படும் என்பர் அறிஞர். கருமையும் அழகும் எனவும் பெயர்க்கலாம் என்பது கருத்து. ஓரிடைச்சொல்லில் ஒரு குலத்தின் மேனியே தாழ்ந்தும் உயர்ந்தும் போவதை இடையியல் பயிலும் எம்போன்றார் கண்டும் காணாதிருத்தல் கூடுமோ? மயிலாடிக் கற்றச்சர் உளியாற் செதுக்கும் கருஞ்சிலையின்முன் கைகூப்புவோரும், எம் திருச்சபையாரும், மணப்பேச்சு என்று வருங்கால் இவ்வொன்றில் மட்டும் வேற்றுமையின்றி ஒத்திருக்கின்றனர்.

நிற்க. இவ்வச்சத்தைப் பொருளாக்கும் வாணிகம் புதியதன்று. பம்பாயில் 1919-ஆம் ஆண்டிலேயே 'ஆப்கான் ஸ்நோ' என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் வந்தது. 2020-இல் 'ஃபேர்' என்பதை விடுத்து 'க்ளோ' என்பதைப் பூண்டது. சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பினர் 2009 முதல் நடத்திய 'டார்க் இஸ் பியூட்டிபுல்' இயக்கமும், அமெரிக்காவில் 2020-இல் எழுந்த நிறவெறி எதிர்ப்பும் இம்மாற்றத்திற்குப் பின்னின்றன. விளம்பரங்களை நெறிப்படுத்தும் குழுவும், கறுத்தோரை வாழ்விற் தோற்றோராய்க் காட்டலாகாது என 2014-இல் விதி வகுத்தது. இவையெல்லாம் நன்றே. ஆயின் இப்பூச்சுக்கள் பெரும்பாலும் பணத்தைக் கெடுப்பனவேயன்றி உடம்பைக் கெடுப்பன அல்ல. உடம்பைக் கெடுப்பன வேறு. அவற்றிற்கு விளம்பரமும் இல்லை.

எம் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிக் கூறுவோம்; அவள் இசைவு பெற்றே, பெயர் விடுத்து எழுதுகின்றோம். தமக்கையின் திருமணத்திற்கு இரு மாதம் இருக்கையில் அவள் முகத்திற் பரு மிகுந்தது. "இதைத் தேய், மக்களே, பத்தே நாளில் முகம் பளபளத்துப் போகும்" என்று அவள் மயினி ஒரு சிறு குழாயைக் கொடுத்தாள். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கியது. மயினி சொல்லியது பொய்யாகவில்லை. பத்து நாளில் பரு அடங்கிற்று, முகம் வெளுத்தது, திருமண நிழற்படங்களில் அவளே அழகியாய் நின்றாள். நான்காம் மாதத்தில் வெயிற்பட்டால் முகம் எரியத் தொடங்கிற்று. கன்னங்களில் செந்நரம்புகள் நூல்போற் தோன்றின; மேலுதட்டிலும் தாடையோரத்திலும் மயிர் அரும்பிற்று; முன்னினும் மிகுந்த பரு எழுந்தது. குழாயை நிறுத்தினாள், மூன்றாம் நாள் முகம் வீங்கிச் சிவந்தது. அஞ்சி மீண்டும் தேய்த்தாள், அடங்கிற்று. இவ்வாறு நிறுத்துவதும் தேய்ப்பதுமாய் ஓராண்டு. ஒரு பருவத் தேர்வை எழுதாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோற்பிரிவிற் காட்டிய பின்னரே உண்மை தெரிந்தது. குழாயில் இருந்தது ஸ்டீராய்டு.

இதனைத் தோல் மருத்துவர் நன்கறிவர்; ஸ்டீராய்டாற் சிதைந்த முகம் என்றே இதற்கொரு பெயரும் இட்டுள்ளனர். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் முதலிய மருந்துகள் கரப்பானுக்கும் காளாஞ்சகப் படைக்கும் உரியவை. உரிய இடத்தில் உரிய நாள் அளவிற் பூசின் உயர்ந்த மருந்துகளே. முகத்தின் மெல்லிய தோலில் மாதக்கணக்கிற் பூசினால் தோல் இன்னும் மெலியும், நரம்புகள் விரியும், தோல் அம்மருந்தையே சார்ந்து, அஃதின்றி இருக்கமாட்டாத நிலையை எய்தும். மருத்துவர் மங்குக்கென்று சின்னாள் அளவிற்கு எழுதித்தரும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த பூச்சு, கைம்மாறிக் கைம்மாறி வெண்மைப் பூச்சாய் உலவுகின்றது. இத்தீமை கண்டு தோல் மருத்துவர் சங்கத்தார் பல்லாண்டு முறையிட்டதன் பயனாய், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுக்களை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலிற் சேர்த்தது. சட்டம் உண்டு. மயினிக்குச் சீட்டின்றிக் கிடைத்ததும் உண்டு. நெடுநாட் பூசியவர் தாமே திடுமென நிறுத்துதலும் தவறு. மருத்துவர் துணைகொண்டே விடல் வேண்டும்.

ஆடவர் இதற்குப் புறம்பானவர் என்று கருதற்க. விடுதிகளில் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை கண்ட மாணவர் நாணத்தால் ஒருவர்க்கும் உரையாது, காளான்கொல்லி மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த பூச்சைக் கடையிற் கேட்டு வாங்குகின்றனர். அரிப்பு அன்றே அடங்கும்; நோய் அடங்காது. உடம்பின் எதிர்ப்பை ஸ்டீராய்டு தணித்துவிடக் காளான் உள்ளே செழித்துப் பரவும். கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தியா முழுதும் படர்தாமரை எளிதில் தீராத பெருநோயாய் மாறியிருப்பதற்கு இத்தகைய கலப்பு மருந்தும் ஒரு காரணம் என்பர் மருத்துவர். ஈரத் துணி உடுத்தாமையும், துவாலையைப் பிறரோடு பகிராமையும், காளான்கொல்லியை மருத்துவர் குறித்த நாள்வரை விடாமற் கொள்ளுதலுமே வழி.

ஸ்டீராய்டினும் கொடியது பாதரசம். மெலனினை ஆக்கும் நொதியைப் பாதரச உப்பு முடக்குதலால் தோல் விரைவில் வெளுக்கும். தோல் வழியே உட்புகுந்த பாதரசம் சிறுநீரகத்திற் சென்று தங்கும். எம் மேற்கெல்லைக்கு அப்பால், கேரளத்திலேயே, இதன் விளைவு வெளிப்பட்டது. மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிசவ்வு தடித்துப் புரதம் கசியும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை மருத்துவர் ஆராய்ந்தனர். அவருள் 15 பேரிடத்து 'நெல்-1' என்னும் அரிய புரதக் குறி காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் வெண்மைப் பூச்சைப் பூசி வந்தவர். கால் வீங்கியும் சிறுநீர் நுரைத்தும் வந்த இவர்களிற் பலர் இளையோர். முகத்தில் இட்டது சிறுநீரகத்தில் நோயாயிற்று. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையார் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரால் 2023-இல் கடைகளைச் சோதிக்கத் தொடங்கினர். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்பட்டது. இந்திய விதிகளின்படியும் முகப்பூச்சிற் கலப்பாய்த் தற்செயலாற் சேரும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. ஆக்கியோன் பெயரும் உட்பொருட் பட்டியலும் இன்றி அயல்நாட்டு எழுத்து மட்டும் பொறித்து வரும் குப்பியை வாங்குவோர், இவ்விதியின் காப்பிற்கு வெளியே நிற்கின்றனர் என்றறிக.

எம் தோழிக்கு நேர்ந்ததைக் கேட்ட சிலர், "அழகுப் பித்துக்குக் கிடைத்த கூலி" என்றனர். இச்சொல்லையே யாம் வன்மையாய் மறுக்கின்றோம். அவள் முதலில் வேண்டியது பருவினின்றும் விடுதலை. பரு ஒரு நோய். பருவ வயதிற் சுரக்கும் ஆண்மை நீரால் தோலின் எண்ணெய்ச் சுரப்பி மிகுந்து, துளை அடைபட்டு, ஆங்கு வாழும் நுண்ணுயிர் பெருகி வீங்குவது. தழும்பும் கரும்புள்ளியும் பின்னிட்டுச் செல்வது. அதற்கு மருந்துண்டு. பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும் பலர்க்குப் போதும்; ஆனால் பயன் தோன்ற எட்டு முதற் பன்னிரண்டு வாரம் செல்லும். பத்து நாளிற் பளபளப்புத் தருவது பருவின் மருந்தன்று என்பதை அவளுக்கு உரைப்பார் எவருமிலர். பருவை 'வயசுக் கோளாறு' என்று நகைத்து மருத்துவரிடம் அனுப்பாத வீடும், நிறத்தை நோயென்று கருதி மருந்து தேடும் வீடும் ஒரே வீடாயிருத்தலே எம் வருத்தம். நோயை நோயென்னாமையும், நோயல்லாததை நோயென்றலும் இரண்டும் அவள் முகத்திற் கூடின.

முகத்தைச் சீர்செய்ய விழைதல் வீண்பெருமை என்போர்க்கு வேலூரை நினைவூட்டுவோம். கொல்லிமலையில் ஊழியஞ் செய்த பெற்றோர்க்குப் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தார். கை நிமிர்ந்தும் அவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. அமிழ்ந்த மூக்கும் உதிர்ந்த புருவமும் நோயைச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆகவே அவரும் அவர் துணைவரும் மூக்கை எழுப்பினர். தலைத்தோலின் ஒரு கீற்றை இறக்கிப் புருவம் அமைத்தனர். தலைமயிராதலின் அப்புருவம் நீண்டு வளரும், கத்தரித்துக்கொள்ளல் வேண்டும். அழகுச் சிகிச்சை என்பதன் உயர்ந்த பொருளை அறிய விரும்புவோர் இதனினும் சிறந்த காட்டைத் தேட வேண்டுவதில்லை. மக்கள் நடுவே மக்களாய் நிற்பதற்கு வேண்டிய முகத்தை மீட்டுக்கொடுத்தனர். பருத்தழும்பிற்கும் தீப்புண் வடுவிற்கும் வெண்புள்ளிக்கும் இன்று செய்யப்படும் சிகிச்சைகளை இவ்வரிசையிலேயே யாம் வைக்கின்றோம். வெண்புள்ளி தொற்றுவதன்று, அதனைக் குட்டமென்று வழங்கும் பழஞ்சொல் ஒழிதல் வேண்டும்.

நகரந்தோறும் தோன்றியுள்ள அழகு நிலையங்களிற் செய்யும் அமிலத் தோலுரிப்பும் லேசர்க் கதிரும் தம்மளவில் தீயன அல்ல. ஆயின் எம்போன்ற கருந்தோலில் அவை அளவு மீறினால், நீக்க வந்த கரும்புள்ளியினும் பெரிய கறை உண்டாகும். கதிரின் வகையும் வன்மையும் தோலுக்கேற்பத் தெரிதல் வேண்டும். செய்பவர் தோல்நோயில் எம்.டி. முதலிய பட்டம் பெற்றவரா, வெள்ளையங்கி மட்டும் பெற்றவரா என்று கேட்டல் மரியாதைக் குறைவாகாது. குளுட்டாதயோன் என்னும் ஊசியை நரம்பிலேற்றி வெண்மை விற்போரிடத்துக் கேள்வியும் வேண்டா. எழுந்து வருதலே தக்கது. இவ்வூசி பெரிதும் பரவிய பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்து ஆணையமே இதனை எச்சரித்துள்ளது. வெயிற்காப்புப் பூச்சையோ யாம் விலக்கோம். மங்கு உள்ளவர்க்கு அது மருந்தின் பாதி. கண்ணுக்குத் தோன்றும் ஒளியும் கருந்தோலிற் கறை விளைத்தலால், இரும்புத் துரு கலந்த வண்ணப் பூச்சு அவர்க்கு மேலானது. கடலோரத்து எம்மவர்க்கு அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அதனினும் மலிவு.

கல்லூரியார்க்குச் சில விண்ணப்பங்கள் உள. ஆண்டுதோறும் நிகழும் உடற்சோதனையிற் கண்ணும் பல்லும் எடையும் நோக்குவர். தோலும் நோக்குதல் நன்று, மறைவிடம் ஒன்றில், மாணவியர்க்குப் பெண் மருத்துவரைக் கொண்டு. விடுதிக் காப்பாளர் துணி உலர்த்த வெயில் படும் இடம் ஒதுக்குவாராக. நாடக விழாவில் அரசிக்கு வெண்மாவும் பணிப்பெண்ணுக்குக் கரியும் பூசும் வழக்கத்தை நாடக மன்றத்தார் கைவிடுவாராக. இவ்விதழிற் சேரும் வகுப்பு நிழற்படங்களை அச்சிடுமுன் முகங்களை வெளுத்துத் திருத்தும் பழக்கம் நிழற்படக்காரரிடத்து உண்டு. அது வேண்டா என்று இவ்வாண்டே பதிப்பாசிரியர் அவர்க்கு எழுதலாம். எஞ்சியது பழைய மாணவரிடத்து. அவருள் தோல் மருத்துவராயிருப்போர் திங்களுக்கு ஒரு மாலை எம் விடுதிக்கு வர இசைவரேல், எம் தோழிபோல் ஓராண்டு கெடாமல் ஒருவாரத்திற் தெளிவார் பலர். நாகர்கோவிலிலும் அஞ்சுகிராமத்திலும் கொட்டாரத்திலும் மருந்துக்கடை நடத்தும் பழைய மாணவரும் உளராயின், அக்குழாயைச் சீட்டின்றிக் கேட்டு வருவோர் எம் கல்லூரி மாணவரேயாயினும், கொடாது திருப்பியனுப்புமாறு வேண்டுகின்றோம்.